அணைக்குக் கீழே மீன்கள் எங்கே கூடுகின்றன?

கேள்வி: அணையின் அடிவாரத்தில் வலை வீசுகிறவர்களுக்கு நிறைய மீன் கிடைக்கிறது, சில கிலோமீட்டர் கீழே போனால் அவ்வளவு கிடைப்பதில்லை. அப்படியானால் அணை மீன்வளத்தைப் பெருக்குகிறது என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ள முடியாது. ஓரிடத்தில் மீன் கூடி நிற்பது வேறு, ஆற்றில் மீன் பெருகுவது வேறு. முட்டையிடுவதற்காக நீரோட்டத்தை எதிர்த்து ஏறி வரும் மீன்கள், அணையைத் தாண்ட வழியின்றி அதன் அடியிலேயே தேங்கிவிடுகின்றன. டர்பைன் வழியாக வந்து அடிபட்டோ மயங்கியோ விழும் சிறுமீன்களும், நீர்த்தேக்கத்திலிருந்து அடித்து வரப்படும் மிதவை உயிரிகளும் அங்கே எளிதில் கிடைக்கும் இரை என்பதால் அவற்றைத் தின்னும் பெரிய மீன்களும் வந்து சேருகின்றன. இவ்விரண்டு கூட்டமும் ஒரே மடுவில் நெருங்கி நிற்பதைத்தான் வலை காட்டுகிறது.

கங்கையில் ஃபராக்கா தடுப்பணை 1975இல் செயல்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் கடலிலிருந்து அலகாபாத்துக்கும் அப்பால் ஏறிச் சென்ற உல்லம் மீன், அதாவது ஹில்சா, அதன் பின் தடுப்பணைக்கு மேலே வெகுவாகக் குறைந்துவிட்டது. அமெரிக்காவின் எல்வா ஆற்றில், கடலில் கலக்குமிடத்திலிருந்து சுமார் 8 கிலோமீட்டரிலேயே, மீன்கள் அணையைத் தாண்டி ஏற உதவும் படிவழியான மீன் ஏணி ஏதுமின்றி 1913இல் ஓர் அணை எழுந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் சால்மன்கள் அந்தக் கடைசி எட்டு கிலோமீட்டருக்குள்ளேயே முட்டையிட வேண்டியிருந்தது. 2011க்கும் 2014க்கும் இடையில் அதுவும் அதற்கு மேலிருந்த அணையும் அகற்றப்பட்ட பிறகே அவை மேற்பகுதிக்குத் திரும்பின. அணையடியில் கிடைத்த மீனை மட்டும் எண்ணியவர்களுக்கு மேலே காலியாகிப்போன ஆறு கண்ணில் பட்டிருக்காது.

கேள்வி: அணையிலிருந்து எவ்வளவு தூரம் கீழே போனால் மீன்கள் பழையபடி பரவியிருக்கும்?

பதில்: இத்தனை கிலோமீட்டர் என்று பொதுவாக ஒரு கணக்குச் சொல்ல இயலாது. தண்ணீர் எந்த ஆழத்திலிருந்து திறக்கப்படுகிறது, அது நாளுக்குள் எப்படி ஏறி இறங்குகிறது, முதல் பெரிய துணையாறு எங்கே வந்து சேருகிறது ஆகிய மூன்றும்தான் இதைத் தீர்மானிக்கின்றன. அணை ஆற்றின் இயல்பான தொடர்ச்சியை முறிக்கிறது என்றும், கீழே செல்லச் செல்ல ஆறு அதைச் சிறிது சிறிதாக மீட்டுக்கொள்கிறது என்றும் வார்டு, ஸ்டான்ஃபோர்டு என்னும் இரு ஆய்வாளர்கள் 1983இல் ஒரு கருத்தை முன்வைத்தனர். நடைமுறையில் இந்த மீட்சி ஒரே சீராக நடப்பதில்லை. துணையாறு வந்து கலக்குமிடங்களில் படிப்படியாகத் தாவுகிறது.

இதற்கு அமெரிக்காவின் கொலராடோ ஆற்றை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. அங்கே கிளென் கேன்யன் அணை 1963இல் நீரைத் தேக்கத் தொடங்கியது. அதற்கு முன் குளிர்காலத்தில் உறைநிலையை ஒட்டியும் கோடையில் 25 டிகிரி செல்சியஸுக்கு மேலும் இருந்த ஆற்று நீர், தேக்கத்தின் ஆழத்திலிருந்து எடுக்கப்பட்டதால் பல பத்தாண்டுகள் ஆண்டு முழுவதும் சுமார் 10 டிகிரியிலேயே நின்றது. வண்டல் தேக்கத்திலேயே படிந்துவிட்டதால் தெளிந்தும் போனது. அணையை அடுத்த பகுதி, குளிர்நீரை விரும்பும் வெளியூர் மீனான ரெயின்போ ட்ரவுட்டின் இடமாயிற்று. உள்ளூர் மீனான ஹம்ப்பேக் சப்பின் முட்டை பொரிய ஏறத்தாழ 16 டிகிரி வேண்டும். அந்த வெப்பம் கிடைத்த இடம், அணைக்குச் சுமார் 125 கிலோமீட்டர் கீழே வெதுவெதுப்பான நீரோடு வந்து சேரும் லிட்டில் கொலராடோ என்னும் துணையாறு. அந்த மீனின் முக்கியக் கூட்டம் அதைச் சுற்றியே பிழைத்திருந்தது. அண்மை ஆண்டுகளில் வறட்சியால் தேக்கத்தின் நீர்மட்டம் இறங்கி, திறக்கப்படும் நீர் சூடேறியதும் அந்த மீன் கீழ்ப்பகுதியில் இன்னும் பரவியது. ஆனால் அதே வெப்பம், அதைத் தின்னக்கூடிய ஸ்மால்மவுத் பாஸ் மீனும் 2022இல் அணைக்குக் கீழே இனப்பெருக்கம் செய்ய வழிவிட்டது. ஆகவே, நீரைச் சூடாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாதிடுவோர் சற்று நிதானிப்பது நல்லது.

மின்தேவைக்கேற்ப நீரைக் கூட்டிக் குறைக்கும் அணைகளில் வேறொரு தொல்லையும் உண்டு. நீர் சட்டென்று வடியும்போது கரையோர ஆழமற்ற நீரில் ஒதுங்கியிருக்கும் குஞ்சுகள் சரளையில் சிக்கி மடிகின்றன. அதனால் பெரிய மீன்கள் நடு ஓட்டத்தில் தெரிந்தாலும் இளம் மீன்கள் காணக் கிடைப்பதில்லை.

கேள்வி: அப்படியானால் சரியாகக் கணக்கெடுப்பது எப்படி?

பதில்: அணையடி, முதல் துணையாற்றுக்கு மேல், அதற்குக் கீழ் என்று பல இடங்களில் ஒரே வகை வலையை ஒரே நேரஅளவுக்கு இட்டு, பிடிபட்டவற்றை இனவாரியாகவும் நீளவாரியாகவும் பிரித்துக் குறிக்க வேண்டும். மழைக்காலத்தையும் கோடையையும் தனித்தனியே எடுக்க வேண்டும். கைக்கு வந்த மொத்த எடையை விட, அந்தந்த இடத்தில் அந்த ஆண்டுக் குஞ்சுகள் இருக்கின்றனவா என்பதே முதலில் பார்க்க வேண்டியது.