எலிக்காய்ச்சல் நோயாளியின் இதயத்துடிப்பு ஏன் தடுமாறுகிறது?

வயலில் வேலை செய்யும் உங்கள் தந்தையை எலிக்காய்ச்சலுக்காக வைத்தியசாலையில் சேர்த்த மூன்றாம் நாள், துடிப்பு சீராக இல்லை என்று சொன்னார்கள். முன்பு இதயநோய் இல்லாதவருக்கு இது எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் மருத்துவ விடுதியொன்றில் பணியாற்றிய வைத்தியர் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

1886இல் ஜெர்மானிய வைத்தியர் அடொல்ஃப் வெயில் இந்நோயை விவரித்தபோது மஞ்சள் காமாலையும் சிறுநீரகப் பாதிப்புமே முன்னின்றன. இன்றும் உறவினர்கள் நோயாளியின் கண்ணையும் சிறுநீரின் அளவையும் பற்றியே விசாரிக்கிறார்கள். நாடியைப் பற்றிக் கேட்பவர் அரிது. ஆனால் இந்நோயை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமி இரத்தத்தில் பரவும்போது இதயத் தசையிலும் அழற்சி உண்டாகலாம். அதனால் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும் ஏட்ரியல் பிப்ரிலேசன் தோன்றலாம். மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் மின்தூண்டல் தாமதிக்கலாம். காமாலையே இல்லாதவருக்கு எடுக்கும், இதயத்தின் மின்தூண்டலைப் பதியும் ஈ.சி.ஜி.யில்கூட இம்மாற்றங்கள் தெரிவதுண்டு.

இரண்டாவது காரணம், துடிப்பு சீராக இருக்க இரத்தத்தில் சரியான அளவில் இருக்கவேண்டிய உப்பான பொட்டாசியம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தால் பொதுவாகச் சிறுநீர் குறைந்து, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். எலிக்காய்ச்சலிலோ பலருக்கு இது தலைகீழாக நடக்கிறது: சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் சோடியத்தை மீள உறிஞ்ச முடியாமல் தடுமாற, சிறுநீர் தாராளமாகப் போய்க்கொண்டே இருக்கும், அதனோடு பொட்டாசியமும் வெளியேறிவிடும். சிறுநீர் நன்றாகப் போகிறதே என்று வீட்டார் நிம்மதி அடையும் அதே நேரத்தில், ஏற்கெனவே அழற்சியுற்ற இதயத் தசை பொட்டாசியக் குறைவையும் தாங்க வேண்டியிருக்கிறது. நோய் முற்றிச் சிறுநீர் நின்றுவிட்டால் பொட்டாசியம் ஏறி, அதுவும் துடிப்பைக் குலைக்கும். ஆகவே ஒருநாள் அளவை நம்பி மறுநாள் இருக்க முடியாது. பொட்டாசியத்தையும் ஈ.சி.ஜி.யையும் நாள்தோறும் பார்க்கிறார்களா என்று விடுதி வைத்தியரிடம் தயங்காமல் கேளுங்கள். அது குறை சொல்வதாகாது.

சிகிச்சையின் அடிப்படை பெனிசிலின் அல்லது செஃப்ட்ரியாக்சோன். அதனுடன் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் சரிசெய்ய வேண்டும். அசித்ரோமைசினும் இந்நோய்க்குப் பயன்படுவதே, ஆயினும் அது ஈ.சி.ஜி.யில் கியூ.டி. இடைவெளியை, அதாவது ஒவ்வொரு துடிப்புக்கும் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மீளும் நேரத்தை, நீட்டித் துடிப்பைக் குலைக்கக்கூடியது என்பதால் பொட்டாசியம் குறைந்தவருக்கு எச்சரிக்கையோடு கொடுக்க வேண்டும். ஏட்ரியல் பிப்ரிலேசனுக்குப் பலருக்கும் கொடுக்கப்படும் இரத்த உறைவுத் தடுப்பு மருந்தை உங்கள் தந்தைக்கு உடனே தொடங்காவிட்டால் அதைக் கவனக்குறைவு என்று எண்ண வேண்டாம். எலிக்காய்ச்சலில் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும். நுரையீரலில் இரத்தம் கசியும் அபாயமும் உண்டு.

நான் பார்த்த நோயாளிகளில் பெரும்பாலோருக்குக் காய்ச்சல் தணிந்து உப்புச் சமநிலை திரும்பியதும் துடிப்பும் தானாகச் சீரானது. எனினும் மயக்கம், மூச்சுத்திணறல், இருமலில் இரத்தம், நெஞ்சுவலி ஆகியவற்றில் எது வந்தாலும் அந்த நிமிடமே தாதியரிடம் சொல்லுங்கள். வீடு திரும்பிய சில வாரங்களில் மீண்டும் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள். அதே வயலில் இறங்கும் மற்றவர்கள், நோய் வராமல் தடுக்க வாரம் ஒருமுறை எடுக்கும் 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் மருந்து தமக்குப் பொருந்துமா என்று பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இந்த வாரமே விசாரிக்கட்டும்.