டாட்ஜ் சேலஞ்சர் ஏன் நின்றது? உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கனடாவின் பிராம்ப்டனில் கார் ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. டாட்ஜ் சேலஞ்சர், சார்ஜர் என்ற பெரிய எஞ்சின் அமெரிக்கக் கார்கள் இரண்டும் 2023 வரை இந்த ஊர்த் தொழிற்சாலையில்தான் பிறந்தன. எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கும் அவைதான் அதிகம் வரும். 2023 டிசம்பர் 22ஆம் தேதி கடைசி சேலஞ்சர் லைனை விட்டு இறங்கியது. அன்றிலிருந்து இதைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சேர்ந்துபோன கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (சென்னை): அண்ணா, ஓடிக்கொண்டிருந்த காரை ஏன் நிறுத்தினார்கள்? விற்பனை இல்லையா?

விற்பனைக்குக் குறைவே இல்லை தம்பி. 2022இல் அமெரிக்காவில் மட்டும் 55 ஆயிரம் சேலஞ்சர் போனது. அந்த வருடம் போட்டிக் காரான ஃபோர்டு மஸ்டாங்கையே முந்தியது.

அடி விழுந்தது அபராதத்தில். அமெரிக்காவில் ஒரு கம்பெனி விற்கும் எல்லா வண்டிகளுக்கும் சேர்த்து, சராசரி மைலேஜ் இவ்வளவு இருக்க வேண்டும் என்று சட்டம். குறைந்தால் வண்டிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு அபராதம் கட்ட வேண்டியிருந்தது. டாட்ஜின் தாய்க் கம்பெனி ஸ்டெல்லாண்டிஸ் 2018, 2019 மாடல் வண்டிகளுக்கு மட்டும் கட்டிய தொகை 23.55 கோடி டாலர். இதற்கு மேல், சராசரியைத் தாண்டிய டெஸ்லா போன்ற கம்பெனிகளிடமிருந்து அந்த உபரிக் கணக்கை (கிரெடிட்) வேறு விலைக்கு வாங்கினார்கள். 6.2 லிட்டர் சூப்பர்சார்ஜர் எஞ்சினை ஊர் முழுக்க விற்றால் சராசரி எங்கே நிற்கும்?

அடுத்தது வண்டியின் வயது. 2008இல் வந்த காரின் அடிப்படைதான் 2023 வரை ஓடியது. அதிலும் மெர்சிடிஸ் கம்பெனியோடு சேர்ந்திருந்த காலத்துச் சரக்கு நிறைய உண்டு. புதிதாக ஒரு அடித்தளம் போட்டே ஆக வேண்டிய நிலை. எல்லாரும் எலெக்ட்ரிக் பக்கம் ஓடிக்கொண்டிருந்த நேரம் என்பதால், புதிய அடித்தளத்தின் முதல் காரான புது சார்ஜரையே எலெக்ட்ரிக்காகக் கொண்டுவந்தார்கள். இன்னொரு போட்டிக் காரான செவ்ரோலே கமாரோவும் கிட்டத்தட்ட அதே நேரத்தில் நின்றது.

சேலஞ்சர் நிற்பது இது முதல் தடவையும் இல்லை. 1970இல் வந்து, எண்ணெய் நெருக்கடியும் புகைச் சட்டமும் இன்சூரன்ஸ் கட்டணமும் சேர்ந்து அமுக்கியதில் 1974இலேயே நின்றுபோன கார் அது. பழைய பாணி வி8 காராகத் திரும்பி வர 34 வருடம் ஆனது.

கேள்வி (மதுரை): ஹெமி, ஹெமி என்கிறார்களே, அது என்ன?

சேலஞ்சரில் வந்த வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சினின் பெயர். அதில் பெட்ரோல் எரியும் அறையின் மேல்பக்கம் பாதிப் பந்து போலக் குழிந்திருக்கும். அதனால் வால்வுகளை எதிரெதிராக, பெரிதாக வைக்கலாம். காற்று தடையில்லாமல் உள்ளே வரும், வெளியே போகும். 1964 டேடோனா 500 பந்தயத்தில் ரிச்சர்ட் பெட்டி ஜெயித்தது இந்த எஞ்சினில்தான். இப்போதைய ஹெமியில் அந்தக் குழிவு முழுப் பாதிப் பந்து கிடையாது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஒரு சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். மொத்தம் பதினாறு. மாற்ற உட்காரும்போது காபி குடித்துவிட்டு உட்காருங்கள்.

கேள்வி (டொராண்டோ): எலெக்ட்ரிக் சார்ஜர்தான் வேகமாக இருக்கிறதே. பிறகு எதற்கு இவ்வளவு வருத்தம்?

வேகம் உண்மைதான். எலெக்ட்ரிக் சார்ஜரின் வேகமான ரகமான டேடோனா ஸ்கேட் பேக் 670 ஹார்ஸ்பவர், 3.3 நொடியில் மணிக்கு 60 மைல் தொடும். ஓட்டிப் பார்த்தேன். முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்கிறது. நல்ல கார்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் சேலஞ்சர் வாங்கியவர்கள் நொடிக் கணக்குப் பார்த்தா வாங்கினார்கள்? ஜனவரி மாதக் காலையில் எங்கள் ஷெட்டுக்குள் ஒரு வி8ஐ ஸ்டார்ட் செய்தால், தட்டில் கிடக்கும் ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று உரசி மெல்ல நகரும். ஃபெண்டரில் (முன் சக்கரத்துக்கு மேலிருக்கும் தகட்டில்) கை வைத்தால் ஐடிலின் ஏற்ற இறக்கம் உள்ளங்கையில் தெரியும். அதற்குத்தான் ஜனங்கள் கடன் வாங்கினார்கள். டாட்ஜுக்கும் அது தெரியும். அதனால்தான் எலெக்ட்ரிக் காரின் பின்னால் அறை போலக் கட்டி, உள்ளே ஸ்பீக்கர் வைத்து, ஹெல்கேட் (6.2 லிட்டர் சூப்பர்சார்ஜர் எஞ்சின் போட்ட சேலஞ்சர்) அளவுக்கு 126 டெசிபல் சத்தம் வரும் என்று சொன்னார்கள். என்னை உறுத்துவது அதுதான். எலெக்ட்ரிக் மோட்டாருக்கென்று ஒரு சொந்தக் குரல் இருக்கிறது, அந்த மெல்லிய விசில். அதை அப்படியே விட்டிருந்தால் நான் இன்னும் மதித்திருப்பேன்.

எடையையும் பாருங்கள். ஹெல்கேட் சேலஞ்சரே இரண்டு டன். டேடோனா ஸ்கேட் பேக் 2,650 கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. வளைவில் அந்த அறுநூறு கிலோ உங்கள் கூடவே திரும்ப வேண்டும். டயர்தான் அதற்கு விலை கொடுக்கும்.

கேள்வி (கோவை): கடைசியாக ஒரு டீமன் விட்டார்களே, அது நிஜமாகவே அவ்வளவு வேகமா?

டீமன் 170, சேலஞ்சரின் கடைசி சிறப்பு மாடல். 85 சதவீதம் எத்தனால் கலந்த எரிபொருள் போட்டால் 1,025 ஹார்ஸ்பவர், வழக்கமான பெட்ரோலில் 900. கால் மைலை 8.91 நொடியில் ஓடியது. அமெரிக்கா, கனடா இரண்டுக்கும் சேர்த்து 3,300 வண்டிதான் திட்டமிட்டார்கள். கடைசியாக லைனை விட்டு இறங்கியதும் ஒரு கறுப்பு டீமன் 170தான். ஷோரூம் காராக அப்படி ஒன்றைக் கட்டியவர்களுக்கு என் வணக்கம்.

கேள்வி (ஸ்கார்பரோ): தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் என்ன ஆனார்கள்?

இந்தக் கேள்வி ஒரே ஒருவரிடமிருந்துதான் வந்தது. ஏறக்குறைய மூவாயிரம் பேர். அடுத்து ஜீப் காம்பஸ் இங்கே கட்டப்போகிறோம், அதற்காக மெஷின்களை மாற்றுகிறோம் என்று சொல்லித்தான் ஆலையை மூடினார்கள். 2025 பிப்ரவரியில் அந்த வேலையை நிறுத்தி வைத்தார்கள். அக்டோபரில் காம்பஸ் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துக்குப் போகிறது என்று அறிவித்தார்கள். புது சார்ஜர் கட்டுவதும் எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில்தான், ஆனால் அது வின்ட்சர் ஆலை. இங்கிருந்து நாலு மணி நேரப் பயணம்.

என் வாடிக்கையாளர் ஒருவர் அந்த லைனில் கதவு பொருத்தியவர். ஆயில் மாற்ற வந்தால் உட்கார மாட்டார். ஷெட்டில் நிற்கும் யாருடைய சேலஞ்சரானாலும் சரி, கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே ஓட்டுவார். இடைவெளி ஒரே சீராக இருந்தால் தலையை ஆட்டிவிட்டு நகர்வார். சத்தம் போனது, வேகம் வந்தது என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் கைக்குப் பழகின வேலை போய்விட்டது.

கேள்வி (சிங்கப்பூர்): வி8 திரும்ப வருமா அண்ணா?

அபராதத்துக்குப் பயந்துதான் நிறுத்தினார்கள் என்று மேலே சொன்னேன். 2025 ஜூலையில் அமெரிக்கா அந்த மைலேஜ் அபராதத்தையே பூஜ்ஜியம் ஆக்கிவிட்டது. அதே கம்பெனியின் ராம் பிக்கப்பில் ஹெமி திரும்பும் என்று அதற்கு ஒரு மாதம் முன்பே அறிவித்துவிட்டார்கள். சார்ஜரிலும் பெட்ரோல் எஞ்சின் வந்தாயிற்று, ஆனால் அது 3 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ. பெரியது 550 ஹார்ஸ்பவர் தருகிறது. பழைய 6.4 லிட்டர் வி8 கொடுத்தது 485தான். என் கணிப்பில், சட்டம் ஆடுகிற திசையில்தான் கம்பெனியும் ஆடும். இன்னொரு அரசு வந்து அபராதத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் இதே கதை மறுபடி நடக்கும்.

கேள்வி (திருச்சி): ஒரு சேலஞ்சரை இந்தியாவுக்குக் கொண்டுவர ஆசை.

ஆசையோடு நிறுத்திக்கொள்ளுங்கள் தம்பி. ஸ்டீரிங் இடது பக்கம் மட்டும்தான். இந்திய இறக்குமதி விதி வலது பக்கம் கேட்கும்.

கேள்வி (மிசிசாகா): அப்பாவிடம் 2016 சேலஞ்சர், 5.7 லிட்டர். கொஞ்ச நாளாக எஞ்சினில் டிக் டிக் என்று ஒரு சத்தம். இப்போதே விற்றுவிடலாமா அங்கிள்?

அவசரப்படாதே மா. முதலில் எப்போது சத்தம் வருகிறது என்று கவனி. குளிர்ந்த எஞ்சினில் வந்து, சூடானதும் மறைந்தால் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியே விடும் குழாய்) போல்ட் உடைந்திருக்கும். பின்கோடியில் இருக்கிற போல்ட்தான் வழக்கமாகப் போகும். உலோகம் சூட்டில் விரிந்ததும் இடுக்கு அடைபட்டு சத்தம் நின்றுவிடும். உடைந்த துண்டை வெளியே எடுப்பது பொறுமையான வேலை, ஆனால் பயப்பட ஒன்றும் இல்லை.

சூடான பிறகும் விடாமல் அடித்தால் வேறு விஷயம். வால்வைத் தூக்கும் லிஃப்டரின் உருளை தேய்ந்து, அதை இயக்கும் கேம்ஷாஃப்டைச் சுரண்டுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஆயிலை வடித்து அதில் ஒரு காந்தத்தை விட்டுப் பார்க்கச் சொல். மின்னுகிற தூள் ஒட்டினால் அதற்குமேல் ஓட்டாதீர்கள். வண்டியைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். இப்போது பிடித்தால் கேமும் லிஃப்டரும்தான் செலவு. விட்டால் எஞ்சினே போய்விடும்.

அப்புறம் அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்: அரை மணி நேரம் ஐடிலில் விட்டு வண்டியைச் சூடாக்க வேண்டாம். ஒரு நிமிடம் விட்டு, மெதுவாக ஓட்டிச் சூடாக்கட்டும். பனிக்காலத்தில் நிறுத்தி வைப்பதாக இருந்தால் சாலை உப்பை அடிப்பக்கம் வரை கழுவிவிட்டு, டேங்கை நிரப்பி, பேட்டரிக்கு மெயின்டெய்னர் (சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் கருவி) மாட்டச் சொல். பேட்டரி பானட்டில் இருக்காது, டிக்கியில் ஸ்டெப்னி பக்கத்தில் இருக்கும். சத்தம் எது என்று தெரிந்த பிறகு விற்பதைப் பற்றிப் பேசலாம். சனிக்கிழமை காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே கொண்டுவந்தால் நானே காது வைத்துப் பார்க்கிறேன்.