ஐந்து தலைநகரங்கள், 5.4 லட்சம், 24 மாத இஎம்ஐ: சரிப்படுமா?

கேள்வி: நானும் கணவரும் திருச்சியில் தனியார் நிறுவனங்களில் வேலை பார்க்கிறோம். இரண்டு சம்பளமும் சேர்ந்து கைக்கு 1.05 லட்சம் வருகிறது. வீட்டுக் கடன், குடும்பச் செலவு, எஸ்ஐபி எல்லாம் போக மாதம் 25,000 ரூபாய் மிஞ்சும். எஃப்டியில் 4 லட்சம் இருக்கிறது. ஜனவரியில் ஒரு சீட்டு முடிந்து 60,000 வரும். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். பொதுத்தேர்வு முடிந்ததும், அதாவது இன்னும் பத்து மாதத்தில், சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக், ஹனோய், புனோம் பென் என ஐந்து தலைநகரங்களை 12 நாளில் பார்க்க ஆசைப்படுகிறோம். கடற்கரை, தீவு எதுவும் வேண்டாம்; ஊர் சுற்றத்தான் மூவருக்கும் பிடிக்கும். டிராவல் ஏஜென்ட் மூவருக்கும் சேர்த்து 5.4 லட்சம் கேட்கிறார். 13 சதவீத வட்டியில் 24 மாதத் தனிநபர் கடனும் ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். கடன் வாங்கலாமா, எஃப்டியை உடைக்கலாமா? டிசிஎஸ் என்று தனியாகப் பிடிக்கும் பணம் திரும்ப வருமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி)

பதில்: கடன் கணக்கை முதலில் போட்டுவிடலாம். 5.4 லட்சத்துக்கு 13 சதவீதம், 24 மாதம் என்றால் இஎம்ஐ சுமார் 25,700 ரூபாய். வட்டி மட்டும் 76,000-ஐத் தொடும். உங்கள் மாத மிச்சமே 25,000தான். ஊர் திரும்பிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குக் கையில் ஒரு ரூபாய் மிஞ்சாது. அந்த இரண்டு வருடமும் மகளுக்குக் கல்லூரிப் படிப்பின் முதல் இரண்டு வருடம். கடிதத்தில் கல்லூரிக் கட்டணம் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஜூன், ஜூலையில் அட்மிஷன், ஹாஸ்டல், லேப்டாப் என்று வரிசையாக வரப்போகிறது. அதற்கும் அவசரத்துக்கும் உங்களிடம் இருப்பது அந்த எஃப்டி ஒன்றுதான். அதைத் தொடாதீர்கள். கடனும் வேண்டாம்.

அப்படியானால் பயணமே வேண்டாமா? தாராளமாகப் போய்வாருங்கள். ஆனால் ஐந்து ஊரை மூன்றாகக் குறையுங்கள்.

இப்படிப்பட்ட பயணத்தில் பணம் எங்கே போகிறது என்று கேட்டால் எல்லோரும் ஹோட்டல், சாப்பாடு என்பார்கள். உண்மையில் அதிகம் கரைவது ஊர் மாறும்போதுதான். ஒரு தலைநகரம் கூடினால் மூன்று விமான டிக்கெட் கூடும். மலிவு விமானங்களில் கையில் எடுத்துப்போக பெரும்பாலும் 7 கிலோதான். பெட்டிக்குத் தனிக்காசு, அதையும் முன்பே கட்டாமல் கவுன்டரில் கட்டினால் கண்ணைக் கட்டும். விமான நிலையங்களும் பக்கத்தில் இல்லை. கோலாலம்பூரில் நகரத்துக்கு வர 50 கிலோமீட்டருக்கு மேல். ஹனோயிலும் பாங்காக்கிலும் 30 கிலோமீட்டர் அளவில். ஹனோய்க்கு இ-விசா 25 டாலர், கம்போடியாவுக்கு 30 டாலர். மூவருக்கு இந்த இரண்டு விசாவே 14,000 ரூபாயைத் தாண்டும். ஒவ்வொரு மாற்றமும் அரை நாளுக்கு மேல் சாப்பிடும். 12 நாளில் ஐந்து ஊர் என்றால் ஏறக்குறைய மூன்று நாள் வரிசைகளிலும் டாக்ஸியிலும் போய்விடும். ஊர் சுற்றத்தான் பிடிக்கும் என்கிற உங்களுக்கு இது சுத்தமாகப் பொருந்தாது.

என் கணக்கு இது. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம், அங்கே மூன்று இரவு. அடுத்து பஸ்ஸில் கோலாலம்பூர், மூன்று இரவு. அங்கிருந்து விமானத்தில் பாங்காக், நான்கு இரவு. பாங்காக்கிலிருந்து சென்னை வழியாக வீடு. போன ஊருக்கே திரும்பி வந்து விமானம் ஏறும் செலவு இதில் இல்லை. பெட்டிக் கட்டணத்தோடு மூவருக்கும் விமானம் 90,000, பஸ் 6,000, சிங்கப்பூர் விசா ஏஜென்ட் கட்டணத்தோடு 10,000. மூவர் தங்கும் அறை சிங்கப்பூரில் இரவுக்கு 13,000, கோலாலம்பூரில் 5,000, பாங்காக்கில் 5,500 என்று வைத்தால் மொத்தம் 76,000. சாப்பாடும் உள்ளூர்ப் போக்குவரத்தும் 55,000, நுழைவுக் கட்டணங்கள் 30,000, பயணக் காப்பீடு 6,000. ஆக 2.73 லட்சம். ரூபாய் சரிந்தாலும் டிக்கெட் விலை ஏறினாலும் தாங்க 27,000 சேர்த்து 3 லட்சம். இவை என் உத்தேசம். பதிவு செய்யும் நாளில் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

பத்து மாத மிச்சம் 2.5 லட்சம், சீட்டு 60,000. கடனே இல்லாமல் 3.1 லட்சம் ஆயிற்று. ஆனால் எல்லாப் பணத்தையும் ஒரே ஆர்டியில் (மாதாமாதம் கட்டும் வங்கி வைப்பு) போட்டால் டிக்கெட் எடுக்கும் ஜனவரியில் கையில் இருக்காது. 15,000 ரூபாய்க்கு ஆறு மாத ஆர்டி ஒன்று, 10,000 ரூபாய்க்கு ஒன்பது மாத ஆர்டி ஒன்று போடுங்கள். முதலாவது முடிந்ததும் சீட்டுப் பணத்தோடு 1.5 லட்சம் சேரும்; விமானமும் சிங்கப்பூர் அறையும் அதில் முடிந்துவிடும். பங்குச் சந்தைப் பக்கம் இந்தப் பணத்தைக் கொண்டுபோகாதீர்கள், பத்து மாதம் அதற்குப் போதாது.

பஸ்ஸைச் சொன்னதும் முகம் சுளிக்க வேண்டாம். சுமார் 350 கிலோமீட்டர், ஐந்தாறு மணி நேரம். எல்லையில் இரண்டு முறை இறங்கி, பெட்டியோடு சிங்கப்பூர் குடிநுழைவையும் மலேசியப் பக்கம் ஜொகூர் குடிநுழைவையும் தாண்ட வேண்டும். வெள்ளி மாலையிலும் வார இறுதியிலும் அந்த எல்லைப் பாலத்தில் மாட்டிக்கொண்டால் பாடுதான். செவ்வாய், புதன் காலையாகப் பார்த்துக் கிளம்புங்கள். கோலாலம்பூரிலிருந்து பாங்காக் போகும்போது விமான நிலைய விரைவு ரயில் ஆளுக்கு 55 ரிங்கிட். தனியாளுக்குச் சரி, மூவர் என்றால் கிராப் ஆப்பில் கூப்பிடும் கார் பெரும்பாலும் அதைவிட மலிவு.

சிங்கப்பூரில் ஒரு விஷயம். உணவக மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், 10 சதவீத சேவைக் கட்டணமும் அதன்மேல் 9 சதவீத ஜிஎஸ்டியும் பில்லில் ஏறும். 20 டாலர் சாப்பாடு 24 டாலர் ஆகிவிடும். டெக்கா சென்டர் மாதிரியான ஹாக்கர் சென்டர்களில் (மலிவு உணவுக் கடைகள் ஒரே இடத்தில் இருக்கும் கூடம்) இந்தக் குறி கிடையாது, போட்டிருக்கும் விலைதான். அங்கேயே சாப்பிட்டால் உத்தேசம் தாங்கும். கோலாலம்பூரில் வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. ஹோட்டலில் தனியாகக் கேட்டால் ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

பணம் கொண்டுபோகும் முறையில்தான் பலரும் தெரியாமலே விட்டுவிடுகிறார்கள். சாதாரண கிரெடிட் கார்டில் வெளிநாட்டில் தேய்த்தால் 2 முதல் 3.5 சதவீதம் கூடுதல் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஃபாரெக்ஸ் கார்டு (வெளிநாட்டு நாணயத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் கார்டு) ஒன்று வாங்கி, அதில் கிடைக்கும் நாணயங்களை ஏற்றிக்கொள்ளுங்கள். உங்கள் இந்தியக் கார்டைத் தேய்க்க நேர்ந்தால் மெஷின் 'ரூபாயில் கட்டுகிறீர்களா, உள்ளூர் நாணயத்திலா?' என்று கேட்கும். ரூபாயில் தொகையைப் பார்த்ததும் நிம்மதியாக இருக்கும், விரலும் அங்கேதான் போகும். அந்த மாற்று விகிதம் கடையின் வங்கி போட்டது, எப்போதுமே மோசம். உள்ளூர் நாணயத்தையே அழுத்துங்கள். கடைக்காரர் தானாக ரூபாயை அழுத்திவிட்டால் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். தாய்லாந்து ஏடிஎம்களில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் இருக்கும். ஆயிரம் ஆயிரமாக எடுக்காமல் ஒரே தடவையில் எடுங்கள்.

டிசிஎஸ் செலவு அல்ல, முன்கூட்டிப் பிடிக்கும் வரி. உங்கள் பான் எண்ணில் வருமான வரித் துறையின் வரி விவரப் படிவத்தில் தெரியும். கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்ப வரும். சம்பளக்காரர் என்பதால் அலுவலகத்தில் அதற்கான படிவம் கொடுத்து டிடிஎஸ்ஸிலேயே சரிக்கட்டவும் வழி உண்டு. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு இது முதல் ரூபாயிலிருந்தே உண்டு. 10 லட்சம் வரை 5 சதவீதமாக இருந்ததை 2 சதவீதமாக்குவதாக 2026 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். ஏஜென்ட் பழைய கணக்கில் 27,000 பிடித்தால் காரணம் கேளுங்கள். விமான டிக்கெட்டும் அறையும் நீங்களே தனித்தனியாகப் பதிவு செய்தால் அது பேக்கேஜ் ஆகாது, இந்தப் பிடித்தமே வராது.

தேதி விஷயத்தில் ஏப்ரல் 13 முதல் 15 வரை பாங்காக்கைத் தவிருங்கள். சோங்க்ரான் புத்தாண்டு, அறை வாடகை ஏறிவிடும், பல கடைகள் மூடியிருக்கும். ஏப்ரல் 20-க்குப் பிறகு கிளம்பினால் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கும் கல்லூரி விண்ணப்பத்துக்கும் முன்பே திரும்பிவிடலாம். மகள் நீட் எழுதுவதாக இருந்தால் இந்தத் தேதி ஒத்துவராது. அந்தத் தேர்வு வழக்கமாக நடக்கும் மே முதல் ஞாயிறு தாண்டித்தான்.

மலேசியாவும் தாய்லாந்தும் 2023 கடைசியில் இந்தியர்களை விசா இல்லாமல் அனுமதிக்கத் தொடங்கின. இது எப்போது வேண்டுமானாலும் மாறக்கூடிய சலுகைதான். டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் அன்று இரு நாட்டுத் தூதரக இணையதளத்தையும் பார்த்துவிடுங்கள். மூன்று நாட்டுக்கும் ஆன்லைனில் நிரப்பும் வருகை அட்டை இலவசம். பணம் கேட்கும் தளம் போலி. மகளின் பாஸ்போர்ட் சிறுவயதில் எடுத்ததென்றால் ஐந்து வருடமோ 18 வயதோ, எது முதலோ அத்தோடு காலாவதி. பயண நாளில் ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும். இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். தத்காலில் போனால் 2,000 ரூபாய் கூடுதல்.