டிசைன் கையில் இருக்கிறது, தளம் எப்படி வரும்?

வடிவமைப்பாளர் தந்த ஃபிக்மா அல்லது ஃபோட்டோஷாப் கோப்பை வேர்ட்பிரஸ் (இணையதளத்தை நடத்த உதவும் மென்பொருள்) தளமாக்குவது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

சார், ஃபிக்மா கோப்பு வந்துவிட்டது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஓரளவு தெரியும். முதலில் எதைத் தொடுவது?

இப்போதைக்குக் கோட் எழுதாதீர்கள். வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து, டிசைனின் ஒவ்வொரு துண்டையும் காட்டி, ‘இதை இனி யார் மாற்றுவார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை?’ என்று கேளுங்கள். யாரும் மாற்ற மாட்டார்கள் என்றால் அது டெம்ப்ளேட்டிலேயே, அதாவது பக்கத்தின் அச்சுக் கோப்பிலேயே, கிடக்கலாம். எப்போதாவது மாறும் என்றால், தொலைபேசி எண், முகப்பு வாசகம் மாதிரி, அதற்கு ஒரு தனிப் புலம், அதாவது நிரப்பும் கட்டம், வேண்டும். தொடர்ந்து சேர்ந்துகொண்டே போகும் என்றால் அது ஒரு பதிவு வகை, அதாவது ஒரே மாதிரிப் பதிவுகளுக்கான தனிப் பிரிவு.

‘எங்கள் அணி’ என்ற பகுதியை எடுத்துக்கொள்வோம். டிசைனில் நான்கு பேர், நான்கும் அழகான படங்கள், எல்லாருக்கும் ஒரே வரியில் அடங்கும் பதவி. தளம் ஓட ஆரம்பித்ததும் ஐந்தாவதாக ஒருவர் சேருவார். அவருடைய அட்டை இரண்டாவது வரிசையில் இடது ஓரமாக நிற்குமா, நடுவிலா? ஒருவர் படமே தரமாட்டார். அந்த இடத்தில் என்ன வரும்? இன்னொருவரின் பதவி மூன்று வரிக்கு நீளும். பக்கத்து அட்டைகளும் அதே உயரத்துக்கு நீள வேண்டுமா? யாருமே இல்லாத நாளில் ‘எங்கள் அணி’ என்ற தலைப்பு மட்டும் தனியாக நிற்கக் கூடாது. வடிவமைப்பாளர் வரைந்தது எல்லாம் சரியாக இருந்த ஒரு நாளைத்தான். மற்ற நாட்களைப் பற்றி அவரிடம் இப்போதே கேட்டுவிட்டால், நாளைக்கு நீங்களாக ஊகித்துக் கோட் எழுத வேண்டியிருக்காது.

ஃபிக்மாவை நேராக வேர்ட்பிரஸாக மாற்றும் கருவிகள் இருக்கின்றனவே, பயன்படுத்தலாமா?

நிறம், எழுத்தளவு, இடைவெளி ஆகியவற்றை எடுத்துக்கொள்ளப் பயன்படும். அதற்கு மேல் நம்பாதீர்கள். எந்த வரி தலைப்பு, எது மாறும், எது மாறாது என்பதெல்லாம் அந்தக் கோப்பில் இல்லை. இல்லாததைக் கருவி எங்கிருந்து எடுக்கும்?

எச்டிஎம்எல் முழுவதும் தயார். இதைத் தீமாக உடைப்பது எப்படி அண்ணா?

தீம் என்பது தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோப்புத் தொகுப்பு. பழைய பாணித் தீமுக்கு ஸ்டைல்.சிஎஸ்எஸ், இண்டெக்ஸ்.பிஎச்பி என்ற இரண்டு கோப்புகள் இருந்தாலே வேர்ட்பிரஸ் அதை ஏற்றுக்கொள்ளும். ஸ்டைல் கோப்பின் உச்சியில் கமெண்ட்டாகத் தீமின் பெயர் இருக்க வேண்டும். எல்லாப் பக்கத்திலும் திரும்ப வரும் மேல்பகுதியை ஹெடர்.பிஎச்பியிலும் அடிப்பகுதியை ஃபுட்டர்.பிஎச்பியிலும் வெட்டி ஒட்டுங்கள். அப்புறம் தனிப் பதிவுக்கு சிங்கிள், பக்கத்துக்கு பேஜ், பட்டியலுக்கு ஆர்க்கைவ் என்று தேவைக்கேற்பப் பிரியுங்கள். பொருத்தமான கோப்பு இல்லாவிட்டால் வேர்ட்பிரஸ் கடைசியில் இண்டெக்ஸிடம் வந்து நிற்கும்.

பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. முகப்புக்கான கோப்பு ஃப்ரண்ட்-பேஜ்.பிஎச்பி. ஹோம்.பிஎச்பி என்பது பதிவுகளின் பட்டியலுக்கு உரியது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஹெடரில் டபிள்யூபி ஹெட், ஃபுட்டரில் டபிள்யூபி ஃபுட்டர் என்ற அழைப்புகளை விட்டுவிட்டால் பிளகின்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) தங்கள் கோப்புகளைச் சேர்க்க முடியாது, மேலே வரும் நிர்வாகப் பட்டையும் காணாமல் போகும். பிளகினில் கோளாறு என்று இரவெல்லாம் தேடுபவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்பிலிருந்து பிளாக் தீம்களும் இருக்கின்றன. அதில் டெம்ப்ளேட்டுகளே பிளாக்குகளால், அதாவது பத்தி, படம் போன்ற தனித்தனித் துண்டுகளால், ஆனவை. நிறங்களும் எழுத்துருக்களும் தீம்.ஜேசன் கோப்பில் இருக்கும். புதிதாகத் தொடங்குபவர் அந்த வழியிலேயே போகலாம். கையில் முடிந்த எச்டிஎம்எல் இருப்பவருக்குப் பழைய வழிதான் வேகம்.

‘நிகழ்ச்சிகள்’ என்று புதுப் பதிவு வகை சேர்த்தேன். உள்ளே பதிவு இருக்கிறது, திறந்தால் 404, ‘பக்கம் இல்லை’ என்கிறது.

அமைப்புகளில் நிரந்தர இணைப்புகள் பக்கத்துக்குப் போய், எதையும் மாற்றாமல் சேமியுங்கள். முகவரி விதிகள் புதிதாக எழுதப்படும், சரியாகிவிடும். இன்னொன்று: பதிவு வகையைத் தீமுக்குள் பதியாமல் சின்ன பிளகினாகப் போடுங்கள். தீமை மாற்றும் நாளில் நிகழ்ச்சிகள் எல்லாம் நிர்வாகப் பக்கத்திலிருந்து மறைந்துவிட்டால் வாடிக்கையாளர் பதறிப்போவார்.

முகப்பில் ஒரு வார்த்தையை மாற்றப் போய் வாடிக்கையாளர் பக்கத்தையே கலைத்துவிட்டார். இதை எப்படித் தடுப்பது?

முழு முகப்பையும் ஒரே எடிட்டர் பெட்டிக்குள் எச்டிஎம்எல்லாக ஒட்டியிருப்பீர்கள், சரிதானே? அதில் ஒரு மூடும் டேக் போனால் எல்லாம் சரியும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தலைப்பு, துணைவாசகம், படம், பொத்தானின் இணைப்பு என்று தனித்தனிப் புலங்களாகக் கொடுங்கள். அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் போன்ற பிளகின் இதற்குப் போதும். புலத்துக்குப் பக்கத்தில் ‘60 எழுத்துக்குள்’ என்று குறிப்பும் எழுதிவிடுங்கள். அவருடைய கணக்கை நிர்வாகியாக வைக்காமல் எடிட்டராக வையுங்கள். பதிவுகளையும் பக்கங்களையும் மாற்றலாம், தீமையும் பிளகின்களையும் தொட முடியாது.

பேஜ் பில்டர் (திரையிலேயே பக்கத்தை அமைக்கும் கருவி) வைத்துச் செய்யலாமா என்று கேட்டவர்களுக்கும் இதே அளவுகோல்தான். தளத்தைப் பராமரிக்கப்போகிறவர் நீங்களே என்றால் தாராளமாகச் செய்யுங்கள். வேறு ஒருவர் என்றால், அவர் கையில் இழுத்து நகர்த்தும் வசதி இருக்கும் வரை டிசைன் நிலைக்காது என்பது என் கருத்து.

தந்திருப்பது 1440 பிக்சல் அகல டிசைன் மட்டும். கைபேசிக்கு நானே முடிவெடுக்கலாமா?

சின்ன விஷயங்களை எடுக்கலாம். மெனு எப்படிச் சுருங்கும், அட்டவணை என்ன ஆகும், மவுஸை மேலே கொண்டுபோனால் தெரியும் வாசகம் விரலால் தொடும் திரையில் எங்கே தெரியும், இந்த மூன்றுக்கும் வடிவமைப்பாளரிடம் படம் கேளுங்கள். கோட் எழுதும்போது கைபேசி அளவில் தொடங்கி அகலமாக்கிக்கொண்டே போங்கள். எந்த அகலத்தில் தளவமைப்பு அசிங்கமாகிறதோ அங்கே பிரேக்பாயிண்ட், அதாவது தளவமைப்பு மாறும் எல்லை, வையுங்கள்.

டிசைனில் இருந்தது லோரம் இப்சம் என்ற மாதிரி வாசகம். தமிழ் போட்டதும் எல்லாம் பிதுங்குகிறது!

பிதுங்கத்தான் செய்யும். நம் சொற்கள் நீளம். நடுவில் உடையவும் மாட்டா. ‘அறிவிப்புகளைப் பார்க்க’ என்பதைப் பொத்தானில் போட்டுப் பாருங்கள். பொத்தானுக்கு நிலையான அகலம் கொடுக்காமல் உள்பக்க இடைவெளி மட்டும் கொடுங்கள். கொம்பும் கொக்கியும் மேல் கீழ் வரிகளோடு மோதாமல் இருக்க வரி உயரத்தை 1.6, 1.7 என்று ஏற்றுங்கள். தலைப்பில் லெட்டர் ஸ்பேஸிங் (எழுத்துகளுக்கு நடுவே கூடுதல் இடைவெளி) இருந்தால் எடுத்துவிடுங்கள், தமிழுக்கு அது அழகு சேர்ப்பதில்லை. எழுத்துருவில் தடித்த வடிவம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் பிரவுசரே செயற்கையாகத் தடிமனாக்கும், சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

எல்லாரும் கைபேசியில் எடுத்த பெரிய படங்களை அப்படியே ஏற்றுகிறார்கள்.

ஏற்றட்டும். 5.3 பதிப்பு முதல் 2560 பிக்சலைத் தாண்டும் படங்களை வேர்ட்பிரஸே குறைத்துக்கொள்கிறது. உங்கள் வேலை, டிசைனில் உள்ள ஒவ்வொரு படச் சட்டத்துக்கும் ஒரு பட அளவைத் தீமில் பதிவதும், டெம்ப்ளேட்டில் அந்த அளவையே அழைப்பதும். அளவைப் பின்னால் மாற்றினால் பழைய படங்களுக்குத் தம்ப்நெயில்களை (சிறு அளவுப் பிரதிகளை) மறுபடி உருவாக்க வேண்டும்.

சோதனைத் தளத்திலிருந்து உண்மை முகவரிக்கு மாற்றும்போது என்ன கவனிக்க வேண்டும்?

தரவுத்தளத்தில் பழைய முகவரியை எஸ்க்யூஎல் (தரவுத்தளக் கட்டளை மொழி) வைத்து நேரடியாக மாற்றாதீர்கள். சில அமைப்புகள் எழுத்து நீளத்தோடு சேர்த்துச் சேமிக்கப்பட்டிருக்கும். நீளம் பொருந்தாவிட்டால் அவை வாசிக்கப்படாமல் போகும். வேர்ட்பிரஸைக் கட்டளை வரியிலிருந்து இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ கருவியின் தேடி மாற்றும் கட்டளை இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அப்புறம், அமைப்புகளில் வாசிப்புப் பகுதியில் தேடுபொறிகளைத் தடுக்கும் கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். ‘ஒரு மாதமாகியும் கூகுளில் வரவில்லை’ என்று கேட்டிருந்த மூன்று பேரும் முதலில் அதைப் பாருங்கள்.