ஜாக் கிர்பியின் ஓரக்குறிப்புகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விடுமுறையில் மகனுடன் சூப்பர் ஹீரோ படங்களை வரிசையாகப் பார்த்தேன். ஜஸ்டிஸ் லீக், அவெஞ்சர்ஸ் இரண்டில் எது முந்தியது என்று அவன் கேட்கிறான். என் வியப்பு வேறு. ஃபென்டாஸ்டிக் ஃபோர், எக்ஸ்-மென், அவெஞ்சர்ஸ் என இத்தனை குழுக்களையும் ஸ்டான் லீ ஒருவரே எப்படிக் கற்பனை செய்தார்? ஓவியர்கள் அவர் சொன்னதை வரைந்தவர்கள்தானே? இவற்றை இலக்கியம் என்று கொள்ளலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

காமிக்ஸ் இதழ்களில் ஜஸ்டிஸ் லீக் 1960இல் வந்தது, அவெஞ்சர்ஸ் 1963இல். இரண்டுக்கும் முன்பே, 1940இல், ஆல் ஸ்டார் காமிக்ஸின் மூன்றாம் இதழில் ஜஸ்டிஸ் சொசைட்டி என்ற சூப்பர் ஹீரோ குழு ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்துவிட்டது. இலக்கியமா இல்லையா என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை.

ஆனால் “வரைந்தவர்கள்தானே” என்று எழுதிவிட்டீர்களே, அதை என்னால் கடந்துபோக முடியவில்லை. சில வாரங்களாக ஓவியர் ஜாக் கிர்பி தன் கையால் வரைந்த மூலப்பக்கங்களின் நகல்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் குறிப்பிட்ட மூன்று குழுக்களின் முதல் இதழ்களையும் வரைந்தவர் அவரே. இவற்றை வெளியிட்ட அன்றைய மார்வெல் நிறுவனத்தில் ஓவியரின் கைக்கு முழுக்கதை எழுதப்பட்டுப் போகவில்லை. லீ கருவை வாய்மொழியாகவோ ஓரிரு பக்கங்களிலோ சொல்வார். அதை இருபது பக்கமாக விரித்து, எந்தக் கட்டத்தில் யார் நுழைவது, எங்கே அடி விழுவது, எங்கே பேச்சே இல்லாமல் விடுவது என்றெல்லாம் முடிவு செய்து வரைவது கிர்பியின் வேலை. படங்கள் வந்த பிறகே லீ உரையாடல் எழுதுவார். கட்டத்தில் என்ன நடக்கிறது என்பதை அவருக்கு விளக்கக் கிர்பி பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் குறிப்பெழுதி அனுப்புவார். அச்சில் அந்த ஓரம் வராது. வாசகர் கண்டது லீயின் சொற்களை மட்டுமே.

1966இல் வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் 48ஆம் இதழில், கோள்களை உண்ணும் கேலக்டஸ் பூமிக்கு வருகிறான். கிர்பி வரைந்து தந்த பக்கங்களில், அலைச்சறுக்குப் பலகையில் விண்வெளியைக் கிழித்துக்கொண்டு வரும் வெள்ளி உடல் ஒன்று இருந்தது. யார் இவன் என்று கேட்டவர் லீ. இதை லீயே பலமுறை சொல்லியிருக்கிறார். பேசிவைத்த கதையில் இல்லாத சில்வர் சர்ஃபர் அப்படித்தான் பிறந்தான். 1968இல் அவனுக்குத் தனி இதழ் தொடங்கியபோது வரையும் பொறுப்பு ஜான் புசேமாவுக்குப் போயிற்று. புசேமா பெரிய கலைஞர், ஐயமில்லை. ஆனாலும் பெற்றவரை வெளியே நிறுத்திவிட்டுப் பிள்ளைக்குக் கல்யாணம் நடத்தியது போன்ற செயல் அது.

லீயை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஃபென்டாஸ்டிக் ஃபோரில் ஒருவனான தி திங் பேசும் கரடுமுரடான, ஏக்கத்தை மறைத்த பேச்சு அவருடையது. ஓவியர், பென்சில் கோடுகளின்மேல் மையிட்டவர் பெயர்களையெல்லாம் முதல் பக்கத்தில் அச்சிடும் வழக்கத்தை ஊன்றியவரும் அவரே. ஆனால் எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயர் மட்டுமே நின்றது. 1980களில் மார்வெல் மூலப்பக்கங்களைத் திருப்பித் தந்தபோது மற்ற ஓவியர்கள் ஒரு பக்கப் படிவத்தில் கையெழுத்திட்டால் போதுமாயிருந்தது. கிர்பிக்கு மட்டும் நான்கு பக்கப் படிவம் அனுப்பினார்கள். 1994இல் அவர் இறந்தார். பாத்திரங்களின் உரிமை குறித்த குடும்பத்தாரின் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்ற வாசலை எட்டிய பிறகு, 2014இல்தான் சமரசம் வந்தது.

மகனுடன் உட்கார்ந்து படம் பார்க்கும் உங்கள்மீது எனக்கு மிகுந்த அன்பு உண்டு. அதனால்தான் இவ்வளவு கடிந்துகொள்கிறேன். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எழுந்துவிடாதீர்கள். இப்போது லீயின் பெயருடன் கிர்பியின் பெயரும் வருகிறது. அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். அந்த 48ஆம் இதழின் மறுபதிப்பையும் வாங்கிக் கொடுத்து, முதல் முறை உரையாடலை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.