சட்டை தெரியாத தோலுக்கு எறும்பு மட்டும் தெரிவது ஏன்?

கேள்வி: உடம்பில் சட்டை இருப்பதே நினைவில்லை, ஆனால் ஓர் எறும்பு ஊர்ந்தால் உடனே தெரிகிறதே, எப்படி?

எங்கள் ஆயா காசிமேட்டில் மீன் விற்றது. ஏலத்தில் கூடை எடுக்குமுன் வஞ்சிரத்தைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தும். குழி சட்டென்று எழும்பினால் புதுசு. பள்ளம் அப்படியே நின்றால், அடுத்த கூடை.

அந்த அழுத்தில் விரல்நுனியில் பலர் வேலை செய்கிறார்கள். மெர்க்கல் செல்கள், அழுத்தம் இருக்கும்வரை நரம்புக்குச் சேதி சொல்லிக்கொண்டிருக்கும். பாசினியன் என்ற இன்னொரு தொடு உணரியின் ரகம் வேறு. சுமார் 1 மி.மீ. நீளம், வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கான தோல், நடுவில் நரம்பு நுனி. தொட்டதும் ஒரு குரல், எடுத்ததும் ஒரு குரல், இடையில் கப்சிப். மாறாத அழுத்தத்தை அடுக்குகளே வாங்கிக்கொள்கின்றன. அதிர்வு மட்டும்தான் உள்ளே போகும். காலையில் மாட்டிய சட்டையும் அப்படித்தான் அடங்கிப்போகிறது. மிச்சம் மீதி வரும் சேதியை மூளை கண்டுகொள்வதில்லை. எறும்போ அடிக்கு அடி புது இடத்தைத் தொடுகிறது, ரோமத்தையும் அசைக்கிறது. ஒவ்வொரு ரோமக்காலையும் சுற்றி நரம்பு இருக்கிறது, விடுமா?

சரி, தொடுதல் எப்படி மின்சாரமாகிறது? நரம்பு நுனியின் சவ்வில் பியெசோ2 என்ற புரதம் கதவு மாதிரி இருக்கிறது. சவ்வு இழுபட்டால் கதவு திறந்து, மின்னூட்டம் கொண்ட அயனிகள் உள்ளே பாயும். 2010இல் இதைக் கண்டுபிடித்தது ஆர்டெம் படாபூட்டியன் குழு. 2021 நோபல் பரிசை அவரோடு பகிர்ந்துகொண்ட டேவிட் ஜூலியஸ் பிடித்தது சூட்டுக்கான கதவு. சுமார் 43 டிகிரிக்கு மேல் திறக்கும் அந்தக் கதவை மிளகாயின் காரமும் திறந்துவிடும். ‘நாக்கு எரியுது’ என்று நாம் சொல்வது சும்மா இல்லை. நரம்புக்கு அது நெருப்பேதான்.

குளிரில் கதை மாறும். நரம்பில் சேதி போவதே மந்தமாகிவிடும். ஒருநாள் ஐஸ் பெட்டியைத் துழாவியபோது கெளுத்தி முள் ஆயாவின் இடது கையில் ஏறியிருக்கிறது. அதற்குத் தெரியவே இல்லை. “இன்னாடா அது ரத்தம், மீனுதா?” என்று என்னையே கேட்டது. வீட்டுக்கு வந்து கை சூடேறியதும்தான் அலறல்.

வலது கையை மட்டும் ஆயா ஐஸுக்குள் விடவே விடாது. மீனை அழுத்திப் பார்க்கிற கை அது.