மொரிஷியஸில் வீட்டிலிருந்தே வேலை செய்வது லாபமா, தொல்லையா?

எபேனிலோ போர்ட் லூயிஸிலோ இருக்கும் அலுவலகத்தின் வேலையை, இணையம் வழியாக வீட்டில் இருந்தபடியே செய்வதுதான் இது. காலை நெரிசலில் பஸ்ஸுக்குள் நிற்க வேண்டாம், அது பெரிய லாபம்தான்.

தொல்லை நேரத்தில் வருகிறது. இங்கே பல கம்பெனிகள் பிரான்ஸ் வாடிக்கையாளர்களுக்காக இயங்குகின்றன. அவர்களைவிட நம் கடிகாரம் 2 மணி நேரம் முன்னால். அவர்களுடைய குளிர்காலத்தில் 3. அங்கே மாலை 6 மணி என்றால் இங்கே இரவு 8 அல்லது 9. சாப்பாட்டுத் தட்டோடு மீட்டிங்! அலுவலகமாக இருந்தால் எழுந்து கிளம்பிவிடலாம், வீட்டில் எங்கே போவது? வீட்டு முகப்பிலேயே கடை வைத்தவர் நிலைமைதான்: நடை மிச்சம், ஆனால் கடையை மூடிய பிறகும் யாராவது கதவைத் தட்டுவார்கள்.

அப்புறம், வீட்டில் இருப்பவருக்குத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, இந்த முறைக்கென்றே 2020-இல் தனி விதிமுறைகள் வந்துவிட்டன.